கண்டக்டர் வீடு இறங்கிய விதம்

பஸ் கண்டக்டர் தன் மொட்டைமாடித் தொலைநோக்கியில் முதன்முதலாக நிலாவைப் பார்த்த மாலையில், அவர் வீடு நாலு விரற்கடை பூமிக்குள் இறங்கியது. சுவரில் ஒரு கீறல் இல்லை. அடுப்பிலிருந்த பால்கூடச் சிந்தவில்லை. வாசல்படி ஒன்று குறைந்திருப்பதை அவர் மனைவிதான் கண்டாள். பாதி ஆயுளை வாடகை வீடுகளில் கழித்தவள், ஈரச் சுவருக்குத் தானே நின்று தண்ணீர் ஊற்றிக் கட்டிய வீடு. அன்றே தன் தம்பிக்குச் சொல்லியனுப்பினாள்.

தொலைநோக்கியின் கண்ணாடியை அவரே செய்திருந்தார். இரண்டு கனத்த வட்டக் கண்ணாடிகளுக்கு நடுவே கரகரப்பான பொடியைத் தூவி, ஒரு தகர டிரம்மின் மேல் வைத்து ஒன்றின்மேல் ஒன்றைத் தேய்த்தபடி அதைச் சுற்றிச் சுற்றி வந்தார். ஓடும் பஸ்ஸில் கம்பியைப் பிடிக்காமல் டிக்கெட் கிழித்தவருக்குத் தலைசுற்றல் ஏது? மேல் கண்ணாடி குழிந்ததும் மெருகேற்றி, வெள்ளி பூசி, இரும்புக் குழாயின் அடியில் பொருத்தினார்.

எல்லாம் அந்தக் குழாயின் கனம்தான் என்று கொத்தனாரான மைத்துனன் அடித்துச் சொன்னான்.

“அத்தான், இரும்பைத் தூக்கிக் கடாசுங்க. அட்டைக் குழாய் போதும்.”

அங்கேதான் இருவரும் கோட்டை விட்டார்கள். அட்டைக்குள் காற்று அலையாமல் நின்றதால் காட்சி இன்னும் தெளிந்தது. வியாழனின் நிலாக்கள் தெரிந்த வாரம் வீடு ஜன்னல் வரை போய்விட்டது. எவ்வளவு தெளிவோ அவ்வளவு பாரம் என்று அப்போதுதான் உறைத்தது. உறைத்தும் மனுஷன் அடங்கவில்லை. விடுமுறை நாளெல்லாம் வெள்ளிப் பூச்சை அகற்றிவிட்டு, கண்ணாடியின் மேடுபள்ளத்தை மறுபடி தேய்த்துக்கொண்டிருந்தார்.

“அந்தக் கண்ணாடி வேணுமா, இந்த வீடு வேணுமா? ரெண்டுல ஒண்ணு சொல்லுங்க” என்றாள் அவள்.

அவருக்கு முகம் சுண்டிவிட்டது. சுத்தியலை அவரே எடுத்துவந்தார்.

“உடைச்சிடறேன். ஒரே ஒரு தடவை நீயும் பாத்துடு. சனி தெரியுது.”

“சனி நம்ம வீட்டைப் பிடிச்சுத்தான் நாளாச்சே.”

தன் வீட்டை விழுங்குவது எதுவென்று பார்த்துவிடலாம் என்றுதான் குனிந்தாள். சின்ன மஞ்சள் உருண்டை. அதைச் சுற்றி எதிலும் ஒட்டாமல் ஒரு வளையம். வீடு மெதுவாக இறங்கத் தொடங்கியது. தெருவில் நின்ற தம்பி, “அக்கா, போதும்! கண்ணை எடு!” என்று கத்தினான். அவள் எடுக்கவில்லை. தெரு மட்டம் மாடியைத் தொட்டு நின்றபோது அவளுக்குச் சந்தோஷத்தில் அழுகை வந்தது.

கண்ணைத் துடைத்துக்கொண்டு, “ஓரத்துல மங்கலா இருக்கே. இன்னும் கொஞ்சம் தேய்ச்சா சரியாகுமா?” என்று கேட்டாள்.

இப்போது அந்த வீட்டுக்கு வருபவர்கள் தெருவிலிருந்து நேராக மொட்டைமாடியில் கால்வைத்து, கூடத்துக்கு இறங்கிப் போகிறார்கள். கோடையில் உள்ளே குளுகுளுவென்று இருக்கிறது என்று கேள்விப்பட்டு, பக்கத்து வீட்டிலும் கண்ணாடி தேய்க்கத் தொடங்கியிருக்கிறார்கள்.