மூன்று நாள் உட்கார்ந்தால்

திங்கட்கிழமை காலை கம்பெனி பஸ்ஸில் ஏறியதிலிருந்து இறங்கும் வரைக்கும் பில்கிஸ் வாத்தியார்களைத் திட்டிக்கொண்டே வந்தாள். ஆம்பூர் பைபாஸில் இருக்கும் ஷூ கம்பெனிக்கு இருபது நிமிஷப் பயணம். அதில் ஒரு நிமிஷத்தைக்கூட அவள் வீணாக்கவில்லை.

"மாசம் பொறந்தா பேங்க்குல சம்பளம் விழுது. சனி, ஞாயிறு லீவு. மே மாசம் முழுக்க லீவு. ஃபேனுக்குக் கீழ நின்னு பாடம் சொல்ல இன்னா கஷ்டம் இவங்களுக்கு? ஸ்ட்ரைக்காம் ஸ்ட்ரைக்! நாம ஒரு நாள் உக்காந்து பாக்கலாம், மறுநாளே கேட்டுக்கு வெளிய நிக்க வச்சிடுவான்."

"நல்லா கேளுக்கா," என்றாள் பக்கத்து சீட்டு பிரிசில்லா. இருவரும் ஒரே லைனில் தையல் மெஷின் ஓட்டுகிறவர்கள்.

பஸ் முழுக்க அதே பேச்சுதான். பின்சீட்டுக்காரி ஒருத்தி, தன் நாத்தனார் புருஷன் வாத்தியார் சம்பளத்தில் ரெண்டு மாடி கட்டிவிட்டதாகச் சொன்னாள். அவர் இன்னும் பதினெட்டு வருஷத்துக்குத் தவணை கட்ட வேண்டும் என்பதை அவளும் சொல்லவில்லை, மற்றவர்களும் கேட்கவில்லை. அடுத்தவன் வீட்டு மாடிதானே கண்ணுக்குத் தெரியும்!

பில்கிஸுக்குத் திட்டுவதற்கு மற்றவர்களைவிட ஒரு பிடி உரிமை அதிகம். அவளுடைய சின்ன மகள் இஃப்ரா ஏழாவது படிக்கும் நகராட்சி நடுநிலைப் பள்ளியில் பில்கிஸ்தான் மேலாண்மைக் குழுத் தலைவி. அங்கே படிக்கும் பிள்ளையின் அம்மாதான் அந்தப் பொறுப்புக்கு வர வேண்டும் என்பது விதி. தேர்ந்தெடுக்கும் கூட்டத்துக்கு வந்திருந்த அம்மாக்களில் யாருக்கு வாய் நீளம் என்று பார்த்தார்களோ என்னவோ, எல்லாக் கைகளும் அவளுக்கே உயர்ந்தன.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் தலைமை ஆசிரியர் டேனியல் சார் போன் செய்தார். பள்ளியில் அவரைத் தவிர இருக்கும் நான்கு பேரில் மூன்று பேர் சென்னைக்குப் போய்ப் போராட்டத்தில் உட்கார்ந்துவிட்டார்கள். மிச்சமிருக்கும் ஒருவரை வைத்துக்கொண்டு எட்டு வகுப்பைச் சமாளிக்க முடியவில்லை. மேலாண்மைக் குழு தீர்மானம் போட்டு, படித்தவர்களைத் தற்காலிகமாக வைத்துக்கொள்ளலாம் என்று மேலிடத்திலிருந்து தகவல் வந்திருக்கிறது.

"பி.எட். படிச்சவங்க யாராச்சும் தெரியுமாம்மா?"

"எங்க ஹீனா இருக்காளே சார்!"

"உங்க பொண்ணா? தலைவின்னு நீங்கதான் கையெழுத்துப் போடணும். நாளைக்குப் பேச்சு வருமேம்மா."

"வந்தா வரட்டும். இந்தத் தெருவுல வேற எவ பி.எட். முடிச்சிட்டு இருக்கா? காட்டச் சொல்லுங்க."

மூத்தவள் ஹீனா பி.எட். முடித்து, தகுதித் தேர்விலும் தேறி, அரசு வேலைக்காக ஆறு வருஷமாகக் காத்திருந்தாள். நடுவில் சும்மா இருக்கக் கூடாதே என்று ஒரு மெட்ரிக் பள்ளியில் மூன்று வருஷமாகப் பாடம் நடத்தினாள். அங்கே மாசம் ஒன்பதாயிரம். பாடமும் நடத்தி, ஃபீஸ் கட்டாத வீட்டுக்கெல்லாம் போனும் போட வேண்டும். அவளுக்கு ஒரு அரசு வேலை கிடைத்துவிட்டால் போதும், வேறு எதுவும் வேண்டாம் என்று ஐந்து வேளையும் துவா கேட்டுக்கொண்டிருந்தாள் பில்கிஸ்.

அதனால்தான் டேனியல் சார் 'தற்காலிகம்' என்று சொன்ன வார்த்தை அவள் காதில் ஏறவே இல்லை. அவளுக்குத் தெரிந்த சட்டமே வேறு. அவர்கள் லைனில் மெஷின்காரி வராவிட்டால் அந்த இடத்தில் ஸ்பேர் ஆளை உட்கார வைப்பார்கள். முதல் நாள், இரண்டாம் நாள் பேச்சில்லை. மூன்றாம் நாளும் அவளே உட்கார்ந்து டார்கெட்டை முடித்துவிட்டால் மெஷின் அவளுடையது. பழையவள் திரும்பி வந்தால் டேபிளில் நூல் வெட்டப் போக வேண்டியதுதான். இது எந்தக் காகிதத்திலும் எழுதியிருக்காது. ஆனால் ஆம்பூர் பக்கம் லைனில் வேலை பார்த்த எவளைக் கேட்டாலும் சொல்வாள். பத்தொன்பது வருஷத்துக்கு முன்னால் பில்கிஸுக்கு மெஷின் கிடைத்ததே அப்படித்தான். மெஷினைப் பறிகொடுத்தவள், தன் அம்மா செத்துப்போனதால் ஊருக்குப் போயிருந்தாள். அதற்காகப் பில்கிஸ் வருத்தப்பட்டாள், ஆனால் எழுந்து இடம் கொடுக்கவில்லை.

"மூணே நாள்டி. சத்தம் போடாம உக்காந்துடு. அப்பறம் எவ வந்து எழுப்பறான்னு நானும் பாக்கறேன்," என்றாள் மகளிடம்.

"அம்மி, அது உங்க கம்பெனியில. இது கவர்மென்ட்டு. டெம்பரரின்னு தெளிவா சொல்றாங்க."

"எல்லா இடத்துலயும் மொதல்ல அப்படித்தான் சொல்வாங்க. நீ மெட்ரிக்குல வேல வேணாம்னு எழுதிக் குடுத்துட்டு வந்துடு."

ஹீனா லீவு போட்டுவிட்டுப் போகிறேன் என்றுதான் முதலில் சொன்னாள். மெட்ரிக் பள்ளி கரெஸ்பாண்டன்ட் போனிலேயே கத்தினார். லீவெல்லாம் கிடையாது, போவதாக இருந்தால் ஒரேயடியாகப் போய்விடு என்றார். ஹீனா தயங்கினாள். பில்கிஸ் தயங்கவில்லை. அன்றைக்கே ராஜினாமாக் கடிதம் எழுத வைத்து, தானே கூடப் போய் ஆபீஸில் கொடுத்துவிட்டு வந்தாள். மறுநாள் ஷிஃப்டுக்குப் போகும் முன்பே பள்ளிக்குப் போய்த் தீர்மானப் புத்தகத்தில் கையெழுத்தும் போட்டாள்.

புதன்கிழமை ஹீனா ஏழாம் வகுப்புக்குள் நுழைந்தாள். அது போராட்டத்துக்குப் போன பூர்ணிமா டீச்சரின் வகுப்பு. குடியாத்தத்திலிருந்து பஸ்ஸில் வந்து போகிறவர்.

அன்றைக்குச் சாயங்காலம் ஹீனா தொண்டை கட்டிப்போய் வீட்டுக்கு வந்தாள்.

"ஆறாவதும் ஏழாவதும் ஒரே ரூம்ல அம்மி. ஒரு பக்கத்துக்குப் பாடம் நடத்தினா இன்னொரு பக்கம் சண்டை. நடுவுல போன்ல யாரு வந்தாங்க, யாரு சாப்டாங்கன்னு ஏத்தணும். நெட்டு கெடைக்கல, கேட்டாண்ட போய் நின்னு ஏத்தினேன். பூர்ணிமா டீச்சர் தெனம் எப்படித்தான் பண்றாங்களோ."

"போகப் போகப் பழகிடும்."

"எனக்கு மனசே சரியில்ல. அவங்க சேர்ல உக்காந்துக்கினு..."

"சேருக்குப் பேரா எழுதி வச்சிருக்குது? சாப்பிடு."

வியாழக்கிழமை பஸ்ஸில் ஒரு அதிசயம் நடந்தது. பிரிசில்லா வழக்கம்போல ஆரம்பித்தாள். "இன்னாக்கா, இன்னும் எழுந்துக்கலியாமே உங்க வாத்தியாருங்க? கொழுப்புதான் ஜாஸ்தி."

"ஏன்டி அப்படிச் சொல்ற?" என்றாள் பில்கிஸ். "அவங்க கேக்கறதுலயும் நியாயம் இல்லாமலா இருக்கும்? உக்காரட்டும். நல்லா உக்காரட்டும். கேட்டது கெடைக்காம எழுந்துக்கவே கூடாது."

பஸ்ஸே அவளைத் திரும்பிப் பார்த்தது. "திங்கக்கிழம நீதானேக்கா திட்டின?" என்றாள் பிரிசில்லா. பில்கிஸ் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஊரிலேயே அந்தப் போராட்டம் நீடிக்க வேண்டும் என்று மனசார வேண்டிக்கொண்டிருந்தவள் அன்றைக்கு அவள் ஒருத்திதான். போராடுகிறவர்களே அந்த அளவுக்கு வேண்டியிருப்பார்களா என்பது சந்தேகம்.

வெள்ளிக்கிழமை ஜும்மா. மூன்றாம் நாள். மதியச் சாப்பாட்டின்போது அரைக் கிலோ மக்கன்பேடா இனிப்பு வாங்கி வந்து லைன் முழுக்கக் கொடுத்தாள். "என் பொண்ணுக்கு கவர்மென்ட் வேல," என்று ஒவ்வொருத்தியிடமும் சொன்னாள். பிரிசில்லா அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள்.

அன்று சாயங்காலமே டிவியில் வந்துவிட்டது. கோரிக்கைகளைப் பரிசீலிக்கக் குழு அமைப்பதாக உறுதி தந்ததால் போராட்டம் வாபஸ்.

ஹீனா போனை எடுத்தாள். மெட்ரிக் பள்ளியில் கேட்டதற்கு, பேரணாம்பட்டிலிருந்து ஒரு பெண் புதன்கிழமையே வந்து சேர்ந்துவிட்டாள், எட்டாயிரத்துக்கே ஒத்துக்கொண்டாள் என்றார்கள்.

"போனா போகட்டும்," என்றாள் பில்கிஸ். "நமக்கு மூணு நாள் முடிஞ்சிடுச்சு." சொல்லிவிட்டாளே தவிர, சனியும் ஞாயிறும் அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

திங்கட்கிழமை பர்மிஷன் போட்டுவிட்டுப் பள்ளிக்குப் போனாள். ஹீனா வகுப்பில் இருந்தாள். டேனியல் சார் மேஜைமேல் தீர்மானப் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு இவளுக்காகக் காத்திருந்தார்.

"வாங்கம்மா. ஹீனாவ இன்னியோட விடுவிக்கறோம்னு எழுதியிருக்கேன். ஒரு கையெழுத்துப் போட்டுடுங்க."

"எப்படி சார் விடுவிப்பீங்க? மூணு நாள் முழுசா உக்காந்திருக்கா. சீட்டு அவளுது."

அவருக்குப் புரியவில்லை. பில்கிஸ் லைன் சட்டத்தை எடுத்துச் சொன்னாள். சொல்லச் சொல்ல அவர் முகம் மாறிக்கொண்டே வந்தது. சிரித்துவிடுவாரோ என்று பார்த்தாள். அவர் சிரிக்கவில்லை.

"அந்த நம்பிக்கையிலயா அந்தப் பொண்ண வேலைய விட வச்சீங்க?" என்றார் மெதுவாக. "அம்மா, பூர்ணிமா டீச்சர் சீட்டே நிரந்தரம் கிடையாது. பன்னெண்டு வருஷமா தொகுப்பூதியம். உங்க ஓ.டி.யெல்லாம் சேத்தா நீங்க வாங்கறத விடக் கம்மி. மே மாசம் அதுவும் கெடையாது. நிரந்தரம் பண்ணுங்க, காலி எடத்துக்கெல்லாம் ஆள் போடுங்கன்னு கேட்டுத்தானே அவங்க போய் உக்காந்தாங்க."

"டீச்சருன்னா... அவங்களுக்கெல்லாம் எண்பதாயிரம்னு..."

"சில பேருக்கு. எல்லாருக்கும்னு உங்களுக்கு யாரு சொன்னா?"

யார் சொன்னார்கள்? பஸ்ஸில் எல்லோரும்தான் சொன்னார்கள். அவளும்தான் சொன்னாள்.

அப்போது பூர்ணிமா டீச்சர் வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போட உள்ளே வந்தார். வெயிலில் கறுத்து, உதடு வெடித்திருந்தது. "நல்லா இருக்கீங்களாக்கா?" என்றார். கோபமாகக் கேட்டிருந்தால் பில்கிஸுக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

பில்கிஸ் அவர்மேலேயே பாய்ந்தாள். "குழு போடறோம்னு சொன்னா அதுக்குள்ள எழுந்து வந்துடுவீங்களா? இன்னாத்துக்கு டீச்சர் வந்தீங்க? கெடைக்கற வரைக்கும் உக்கார வேண்டியதுதானே! என் பொண்ணு மாதிரி எத்தன பேரு காத்துக்கினு இருக்காங்க!"

பூர்ணிமா பேனாவை மூடினார்.

"உக்காரத்தான்க்கா போனோம். புதன்கிழம மதியம் போன் வந்துது, என் வகுப்புல ஆள் போட்டாச்சுன்னு. எனக்கு மட்டும் இல்ல, தொகுப்பூதியத்துல இருக்கற எல்லாருக்கும் ஊர்லேர்ந்து அப்படித்தான் போன். மூணு நாள் வேற ஆள் உக்காந்துட்டா நம்ம எடம் போயிடும்னு பயந்துட்டோம். அன்னிக்கே பாதிப் பேரு பஸ் ஏறிட்டாங்க. மிச்ச பேர வச்சிக்கினு தலைவருங்க எத்தன நாள் இழுப்பாங்க?"

பில்கிஸ் தீர்மானப் புத்தகத்தில் ஒரு பக்கம் பின்னால் புரட்டிப் பார்த்தாள். புதன்கிழமை காலையில்தான் அவள் கையெழுத்துப் போட்டிருந்தாள். ஹீனாவுக்கு வேலை வாங்கித் தரப் போனவர்களை அவளே எழுப்பி வீட்டுக்கு அனுப்பியிருக்கிறாள்.

"நான் இப்ப கையெழுத்துப் போடலன்னா சார்?" என்று கேட்டாள். எதற்குக் கேட்டாள் என்று அவளுக்கே தெரியவில்லை.

"இன்னிக்குப் போடலன்னா ஒண்ணும் ஆகாதும்மா," என்றார் டேனியல் சார். "அன்னிக்குப் போடாம இருந்திருந்தா ஒருவேளை ஏதாச்சும் ஆகியிருக்கும்."

பில்கிஸ் கையெழுத்துப் போட்டாள். ஹீனாவைக் கூட்டிக்கொண்டு வரத் தானே எழுந்து போனாள். பின்னால் பூர்ணிமா வந்தார். ஏழாம் வகுப்பில் ஹீனா கரும்பலகையில் இலையின் படத்தைப் பாதி வரைந்திருந்தாள். பிள்ளைகள் ஒரு சத்தமில்லாமல் அவள் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பில்கிஸ் கூப்பிட வாயெடுத்தாள்.

"முடிக்கட்டும்க்கா," என்றார் பூர்ணிமா. "நல்லா நடத்தறாங்க."

இரண்டு பேரும் வாசலிலேயே நின்றார்கள்.