தையல்காரி வீட்டு வாசலில் நீர்மூழ்கி

கடற்படையின் நீர்மூழ்கிக் கப்பல் ஒன்று, கடலிலிருந்து அறுபத்திரண்டு கிலோமீட்டர் தள்ளியிருந்த ஒரு குறுக்குத் தெருவில், செவ்வாய்க்கிழமை காலை பத்தே முக்கால் மணிக்கு மேலே வந்தது. அப்போது தெருவை அடைத்துக்கொண்டு ஒரு லாரி நின்றிருந்ததாகவும், அது கிளம்பும்வரை கப்பல் பொறுமையாகக் காத்திருந்ததாகவும் இஸ்திரிக் கடைக்காரர் சொன்னார். அவர் எதையும் கொஞ்சம் கூட்டிச் சொல்கிறவர் என்பதால் லாரி விஷயத்தை விட்டுவிடலாம். தார் ரோடு தண்ணீரைப் போல விலகி வழிவிட்டதும், கப்பலின் கறுத்த முதுகும் அதன் நடுவில் இருந்த கோபுரமும் மொட்டைமாடிகளின் உயரத்துக்கு எழுந்து நின்றதும் தெருவில் இருந்த எல்லோரும் பார்த்தவை. பதினேழு அடி அகலத் தெருவில் இருபுறமும் ஆள் நடக்க இரண்டடி இடம் விட்டுத்தான் அது நின்றது. ரோட்டில் ஒரு கீறல் இல்லை. போன மாதம் போட்ட ரோடு, தண்ணீர்க் குழாய் பழுது பார்க்க வந்தவர்களையே தாங்கவில்லை, கப்பலைத் தாங்கிவிட்டதே என்றுதான் ஜனங்கள் முதலில் ஆச்சரியப்பட்டார்கள்.

தெருவின் நடுவீட்டில், வாசலை ஒட்டிய அறையில், பள்ளிச் சீருடைகளுக்கு மடிப்பு அடித்துக்கொண்டிருந்த தையல்காரி அதைக் கண்ணால் பார்ப்பதற்கு முன்பே மூக்கால் அறிந்துகொண்டாள். டீசல், பலமுறை காய்ந்த எண்ணெய், வெயில் படாத போர்வை, நாற்பது ஆண்களின் வியர்வை எல்லாம் சேர்ந்த வாடை அது. அவள் கணவர் லீவில் வரும்போது கொண்டுவரும் துணிப்பையில் அதே வாடைதான் இருக்கும், மூன்று முறை அலசினாலும் போகாது. அவள் மெஷினை நிறுத்திவிட்டு, கையிலிருந்த மர ஸ்கேலோடு வெளியே வந்து, கப்பலின் விலாவில் ஓங்கித் தட்டினாள். கப்பல் முழுக்கக் கெட்டியான ரப்பர் ஓடுகள் ஒட்டியிருந்ததால் தட்டின சத்தம் அவளுக்கே கேட்கவில்லை. "வந்ததுதான் வந்தீங்க, கதவைத் திறந்துட்டு இறங்கி வரக் கூடாதா?" என்று அவள் போட்ட கூச்சல் மட்டும் தெருக்கோடிவரை கேட்டது. கதவு திறக்கவில்லை.

அவள் கூச்சலில் நியாயம் இருந்தது. கணவர் அந்தக் கப்பலில் சோனார்காரர். காதில் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு, கடலில் எது எங்கே சத்தம் போடுகிறது என்று கேட்டுக் குறித்துவைப்பது அவர் வேலை. பன்னிரண்டு மைலுக்கு அப்பால் ஒரு இறால் சொடுக்குப் போட்டாலும் சொல்லிவிடுவார் என்று கப்பலில் பேச்சு. மகளுக்கு நாலரை வயது, அதில் அப்பாவைப் பார்த்தது மொத்தம் நூற்றுப் பத்து நாள். போன லீவில் அவள் சமையலறையில் நின்றுகொண்டு, "அம்மா, இந்த மாமா எப்ப அவங்க வீட்டுக்குப் போவாங்க?" என்று கேட்டாள். இறால் சொடுக்கே கேட்கிற மனிதருக்குச் சமையலறைப் பேச்சு கேட்காதா? லீவில் ஆறு நாள் பாக்கியிருக்கும்போதே கிளம்பிப் போனார். லீவில் இருக்கும்போது மட்டும் போடுகிற பழுப்பு ஷூவைச் செருப்பு அலமாரியின் கீழ்த்தட்டில் வைத்துவிட்டுப் போனார். இன்னொரு முறை 'மாமா' என்று காதில் விழுந்தால் அடுத்த லீவுக்கு இந்த மனிதர் ஏதாவது சாக்குச் சொல்லிக் கப்பலிலேயே இருந்துவிடுவார் என்று தையல்காரி பயந்தாள்.

மூன்றாம் நாள் கடற்படை அலுவலகத்திலிருந்து வெள்ளைச் சீருடையில் ஓர் அதிகாரி வந்தார். கப்பலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார்.

"அம்மா, நீர்மூழ்கி எங்க இருக்குங்கறது ரகசியம். அதனால இங்க எதுவும் இல்ல."

"உங்க முதுகுக்குப் பின்னாலயே இருக்கே, சார்."

"நான் பாக்கலைம்மா. நீங்களும் பாக்க வேணாம்."

"என் வீட்டுக்காரர் உள்ள இருக்காரு. கதவைத் திறக்கச் சொல்லுங்க, ஒரு அஞ்சு நிமிஷம் போதும்."

அதிகாரி நல்ல மனிதர்தான். குரலைத் தாழ்த்திக்கொண்டு, "எப்படிம்மா திறப்பாங்க? வெளிய நூத்தம்பது மீட்டர் தண்ணின்னு உள்ள இருக்கிற கருவி எல்லாம் காட்டுது. யாராவது கதவைத் திறப்பாங்களா?" என்றார்.

"இது தெரு, சார்."

"உங்களுக்கு."

பிறகு, 'நான் எதையும் பார்க்கவில்லை, பார்த்திருந்தாலும் யாரிடமும் சொல்ல மாட்டேன்' என்று எழுதியிருந்த ஒரு தாளில் அவளிடம் கையெழுத்துக் கேட்டார். வைத்து எழுத வேறு இடம் இல்லாததால் தாளைக் கப்பலின் மேலேயே வைத்து அவள் கையெழுத்துப் போட்டாள். மகள் பக்கத்தில் நின்று அதைக் கவனமாகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நகராட்சிக்காரர்கள், போக்குவரத்துக்கு இடைஞ்சலான பொருளை ஏழு நாட்களுக்குள் அகற்றவும் என்று நோட்டீஸ் ஒட்ட வந்தார்கள். ரப்பரில் பசை பிடிக்கவில்லை. எதிரே இருந்த விளக்குக் கம்பத்தில் ஒட்டிவிட்டுக் கடமை முடிந்ததென்று போனார்கள், அதனால் பல மாதங்கள் அந்த உத்தரவு விளக்குக் கம்பத்தையே மிரட்டிக்கொண்டிருந்தது. பதினைந்து நாளில் தெரு பழகிவிட்டது. கறுப்பு ரப்பரில் வெயில் நன்றாக ஏறியதால் துணி அரை மணியில் காய்ந்தது. மாடியில் இருந்த வீட்டுச் சொந்தக்காரர் முதலில் வெளிச்சம் போகிறதென்று குறைப்பட்டார், பிறகு 'வாடகைக்கு விடப்படும்' பலகையில் 'பாதுகாப்பான தெரு' என்று ஒரு வரி சேர்த்தார். தெருவின் மூன்று கால் நாய் கப்பலின் நிழலைத் தனக்கென்று எழுதி வாங்கியதுபோல் பிடித்துக்கொண்டது.

அதற்குள்ளே அப்பா இருக்கிறார் என்று தையல்காரி மகளிடம் சொல்லிப் பார்த்தாள். "அந்த மாமாவா?" என்று கேட்டுவிட்டு மகள் அந்தப் பேச்சை விட்டுவிட்டாள். ஆனால் கப்பலை அவளுக்குப் பிடித்துப்போயிற்று. வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து, ரப்பரில் கன்னத்தை வைத்துக்கொண்டு, அன்றன்று நடந்ததையெல்லாம் அதனிடம் சொன்னாள். நாய்க்கு நாலாவது கால் எங்கே போனது என்று ஒரு கதை, பக்கத்து வீட்டுப் பையன் கிள்ளினது, அம்மா காலையில் குக்கரைத் தீயவிட்டது எல்லாம். வேலை மும்முரத்தில் அம்மா 'ம்' கொட்டுவாளே தவிர எதையும் காதில் வாங்க மாட்டாள். கப்பல் 'ம்' கொட்டவில்லை, ஆனால் கேட்கிறது என்று அவளுக்குத் தோன்றியது.

கேட்கத்தான் செய்தது. இந்த விவரங்கள் எட்டு வருஷம் கழித்து, அந்தக் கப்பலின் சமையல்காரர் ஓய்வு பெற்று வந்து சொல்லித் தெரிந்தவை. முதல் நாளே சோனார்காரர் காதில் ஒரு சத்தம் விழுந்தது. டுர்ர்ர் என்று ஓடும், நடுநடுவே டக் என்று ஓர் இடறல் வரும். கல்யாணமான புதிதில் தோளில் தூக்கிவந்து, மோட்டார் மாட்டி, எண்ணெய் விட்டு அவரே ஓட்டிப் பார்த்த மெஷின் அது. பாபின் கேஸ் என்கிற, கீழ் நூல் உட்காரும் சின்ன இரும்புக் கிண்ணத்தின் விளிம்பு உடைந்திருந்ததால் வருகிற 'டக்' அது. மாற்றித் தருகிறேன் என்று ஐந்து வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். ஆனால் என் மனைவியின் தையல் மெஷின் நூற்றைம்பது மீட்டர் ஆழத்தில் ஓடுகிறது என்று ஒருவர் கேப்டனிடம் சொன்னால் அவரை என்ன செய்வார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும். அதனால், 'எந்திரம் ஒன்று. சிறியது. ஓட்டத்தில் இடறல் உண்டு. இதுவரை பதிவாகாத வகை' என்று குறித்தார். அதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. கேப்டன் பூரித்துப்போனார். எந்த எதிரி நாடோ புது எந்திரம் செய்து கொண்டுவந்திருக்கிறது, அதன் கண்ணில் படாமல் நிழல்போல் தொடர வேண்டும் என்று உத்தரவிட்டார். எந்திரம் இருந்த இடத்திலேயே இருந்ததால் தொடர்வது சிரமமாக இல்லை. மதியம் ஒன்றிலிருந்து இரண்டுவரை எதிரி ஓய்வெடுக்கிறான் என்பது கேப்டனின் சொந்தக் கண்டுபிடிப்பு. கூடவே கேட்ட இன்னொரு சத்தத்தைச் சோனார்காரர், 'உயிரினம். சின்னது. ஓயாமல் சத்தமிடுகிறது. ஆபத்தில்லை' என்று எழுதினார். தன் முறை முடிந்த பிறகும் ஹெட்ஃபோனைக் கழற்றாமல் சாப்பிட்டார், திடீர் திடீரென்று தனக்குத்தானே சிரித்துக்கொண்டார், சமையல்காரர் கூப்பிட்டால் கையமர்த்தினார்.

நாற்பத்தோராம் நாள் மகள் தான் வரைந்த படத்தை அம்மாவிடம் கொண்டுபோனாள். "அம்மா, பாரு." "ம்." "அம்மா, இங்க பாரேன்." "ம், ம்." பத்து ஜோடிச் சீருடை அன்று மாலைக்குள் போக வேண்டியிருந்தது. அம்மா கப்பல்மேல் காய்ந்த துணியை எடுக்க எழுந்த நேரத்தில், மகள் மெஷினின் பக்கத் தகட்டை நகர்த்தி, தினமும் பார்த்துப் பழகின லாவகத்தோடு பாபின் கேஸை உருவிக்கொண்டு போனாள். பிறகு வாளியில் உட்கார்ந்து, ரப்பரில் வாயை ஒட்டவைத்துச் சொன்னாள்:

"யார்கிட்டயும் சொல்லாத. பாபின் கேஸை அந்த மாமா ஷூக்குள்ள போட்டுட்டேன். இடது ஷூ. அதை யாரும் தொட மாட்டாங்க. அந்த மாமா இனிமே வரவே மாட்டாங்க."

சமையல்காரர் சொன்னபடி, அன்று சோனார்காரர் தட்டைத் தொடவில்லை. உடம்பு சரியில்லையா என்று கேட்டதற்கு, ஒரு சத்தம் கேட்டேன், அதை எந்தப் புத்தகத்தில் எழுதுவதென்று தெரியவில்லை என்றாராம்.

மெஷின் ஓயவே கேப்டனுக்குக் கவலை வந்தது. ஒன்றரை நாள் காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தார். எதிரி நழுவிவிட்டான், விடக் கூடாது என்று முடிவுசெய்தார். திங்கட்கிழமை மாலை நாலு மணிக்குக் கப்பல் தாருக்குள் இறங்கி மறைந்தது. முதுகில் காய்ந்துகொண்டிருந்த இரண்டு படுக்கை விரிப்புகளும் வீட்டுச் சொந்தக்காரரின் கட்டம்போட்ட சட்டையும் கூடவே போயின. சட்டை பற்றி அவர் எழுதிய மனுவுக்கு, அப்படி ஒரு தெருவில் எந்தக் கப்பலும் இல்லாததால் அதன்மேல் எந்தச் சட்டையும் இருக்க வாய்ப்பில்லை என்று பதில் வந்தது. தையல்காரி புது பாபின் கேஸ் வாங்கிப் போட்டாள். மெஷின் வழுக்கிக்கொண்டு ஓடியது. அந்தச் சுத்தமான சத்தம் அவளுக்குப் பிடிக்கவில்லை. வாசலுக்கு நேரே வெறும் ரோட்டைப் பார்க்கும்போதெல்லாம் ஒரே கேள்விதான் வந்தது. இவ்வளவு பக்கத்தில் இருந்தும் இல்லாமல் போன மனிதர், இனி தூரத்திலிருந்து எப்படி வருவார்?

இருபது நாள் கழித்து அவர் நடந்தே வந்தார். வாசலில் நின்ற மகள் உள்ளே திரும்பி, "அம்மா, அந்த மாமா வந்திருக்காங்க" என்றாள். தையல்காரிக்குக் கை நின்றுவிட்டது. அவர் நிற்கவில்லை. பையைக் கீழே போட்டார். தொப்பியை எடுக்கவில்லை, காலில் இருந்த பூட்ஸைக்கூடக் கழற்றவில்லை. நேரே செருப்பு அலமாரிக்குப் போய், கீழ்த்தட்டில் இருந்த பழுப்பு ஷூவில் இடதை மட்டும் எடுத்து, நுனிவரை இரண்டு விரலை விட்டு, பாபின் கேஸை எடுத்து மெஷின்மேல் வைத்தார்.

மகளின் முகம் வெளுத்துவிட்டது. "உங்களுக்கு யாரு சொன்னா?"

"அதைச் சொல்லக் கூடாதுன்னு கையெழுத்துப் போட்டிருக்கேன்."

கையெழுத்து எவ்வளவு பெரிய விஷயம் என்று அவளுக்குத் தெரியும். அவர்மேல் இருந்த கப்பல் வாடையைக் கொஞ்சம் கிட்டப் போய் மோந்து பார்த்தாள். "நான் கப்பல்கிட்ட மட்டும்தான் சொன்னேன்" என்றாள்.

"அது யார்கிட்டயும் சொல்லியிருக்காது" என்றார் அவர்.

"அப்ப நாய் எங்க தூங்கும்னு தெரியுமா?"

அவர் பதில் சொல்லவில்லை, சட்டம் அப்படி. ஆனால் அவர் கண், நிழல் போன பிறகு நாய் என்ன செய்கிறதோ என்று தெருவைத் தேடியது. மகள் அதைப் பார்த்துவிட்டாள். பிறகு அவள் பார்வை கீழே இறங்கியது. உள்ளே திரும்பி, தெருவுக்கே கேட்கிற மாதிரி, "அம்மா, அப்பா பூட்ஸைக் கழட்டாம வீட்டுக்குள்ள வந்துட்டாங்க!" என்று கத்தினாள். தையல்காரி, நூல் கோத்திருந்த ஊசியில் மறுபடி நூல் கோப்பதுபோல் குனிந்துகொண்டு அழுதாள்.

இனம் தெரியாத எதிரி எந்திரத்தை நாற்பத்திரண்டு நாள் அதற்கே தெரியாமல் தொடர்ந்ததற்காகக் கேப்டனுக்குப் பதக்கம் கிடைத்தது. அந்த எந்திரத்தைப் பற்றி இப்போதும் கடற்படைக் கல்லூரியில் ஒரு வகுப்பு எடுக்கிறார்களாம். கணவர் லீவில் இருக்கும் நாட்களில் தையல்காரி புது பாபின் கேஸில் தைக்கிறாள். எதற்கு என்று அவர் இதுவரை சொன்னதில்லை, ஆனால் கப்பலுக்குக் கிளம்பும்போதெல்லாம் பழையதைத் தன் கையாலேயே மாட்டிவிட்டுப் போகிறார். தெருவில் 'டக்' சத்தம் கேட்டதும் ஜனங்கள் ஸ்கூட்டர்களை அடுத்த தெருவில் கொண்டுபோய் நிறுத்துகிறார்கள், வீட்டுச் சொந்தக்காரர் சட்டைகளை மட்டும் மாடியில் காயப்போடுகிறார், நாய் தன் இடத்தில் முன்கூட்டியே போய் நின்றுகொள்கிறது. கப்பல் மேலே வந்து நின்றதும் மகள் வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து, "அப்பா" என்று ஆரம்பித்து, போன தடவை விட்ட இடத்திலிருந்து சொல்லத் தொடங்குகிறாள். உள்ளேயிருந்து பதில் வருவதில்லை. அவள் அதற்காகக் காத்திருப்பதும் இல்லை.