கொர்டோபாவில் கூப்பிட்ட பெயர்

ஸ்பெயினுக்குப் போகிறோம் என்று சொன்னதும் டொரொண்டோவில், ஸ்காபரோவில் எங்களைத் தெரிந்த எல்லோரும் கேட்டது ஒரே கேள்விதான்: "அங்க ஆர் இருக்கினம்?"

எங்கள் ஆட்கள் லண்டனுக்குப் போவார்கள், அங்கே மச்சாள் இருப்பாள். பாரிசுக்குப் போவார்கள், தம்பி இருப்பான். சுவிசுக்குக் கலியாண வீட்டுக்குப் போவார்கள். சொந்தத்தில் ஒரு குஞ்சு குருமான்கூட இல்லாத நாட்டுக்குப் பழைய கட்டடம் பார்க்க பிளேன் ஏறுவது அவர்களுக்குப் பைத்தியக்காரத்தனம். எங்கள் அப்பார்ட்மெண்டில் மேல் மாடியில் இருக்கிற இராஜரட்ணம் அண்ணை, எதற்கும் ஒரு கருத்து வைத்திருப்பவர், "சேர்ச் பாக்கிறதெண்டால் இஞ்சையே எத்தினை கிடக்கு" என்றார். நான் ஒருவருக்கும் விளக்கம் சொல்லவில்லை. எனக்கு வாய் கொஞ்சம் நீளம்தான். ஆனால் இந்த விஷயத்தில் வாயைத் திறந்தால் அழுதுவிடுவேன் என்று பயம்.

என் புருஷனுக்கு மறதி வருத்தம் வந்திருந்தது. வயது அறுபதுகூட ஆகவில்லை. தொண்ணூற்றேழாம் ஆண்டு மாரியில் ஒருநாள், வேலைக்கென்று பஸ் ஏறியவர் இறங்கவேயில்லை. பஸ் கடைசித் தரிப்புக்குப் போய்த் திரும்பி, மறுபடி போய்த் திரும்பி, அவரும் அதற்குள்ளேயே இருந்திருக்கிறார். எங்கே போகவேண்டும் என்று டிரைவர் கேட்டதற்குச் சிரித்தாராம். அதற்குப் பிறகு டொக்டர், ஸ்பெஷலிஸ்ட், தலைக்குள் படம் எடுக்கிற மெஷின் என்று அலைந்தோம். கடைசியில் அந்த ஸ்பெஷலிஸ்ட் நீளமாக என்னவோ சொன்னார். எங்கள் மகள் மயூரி அதைச் சுருக்கித் தமிழில் தந்தாள்.

"அப்பான்ர மெமரி போகுதாம் அம்மா. திரும்பி வராதாம்."

"என்னையும் மறந்திடுவாரோ எண்டு கேள்."

அவள் கேட்கவில்லை. என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கு அவள்மேல்தான் கோபம் வந்தது.

நான் அதை நம்பவில்லை. ஒரு மெஷின் சொன்னதற்காக முப்பது வருஷத்துக்கு மேல் கூடப் படுத்து எழும்பிய மனுஷனை விட்டுக்கொடுப்பேனா? எனக்கு ஒரு யோசனை இருந்தது. கனடாவுக்கு வந்த நாளிலிருந்து அவர் டவுண்டவுனில் ஒஃபிஸ்கள் கிளீன் பண்ணினார். அதில் ஒன்று பயணம் ஒழுங்கு செய்கிற கொம்பனி. அவர்கள் கழற்றி எறிகிற போஸ்டர்களைச் சுருட்டிக்கொண்டு வருவார். மற்றவர்கள் வீட்டு ஹோலில் சாமிப் படமும் கலியாணப் படமும் தொங்கும். எங்கள் வீட்டில் டொலேடோ, செவில், கொர்டோபா, கிரனாடா. தேத்தண்ணியைக் கையில் வைத்துக்கொண்டு அவற்றையே பார்த்தபடி இருப்பார். "இஞ்சாரும், மயூரியின்ர படிப்பு முடியட்டும். உம்மை ஒருக்கா அங்க கூட்டிக்கொண்டு போறன்" என்பார்.

மயூரியின் படிப்பு முடிந்தது. அவர் அந்தச் சொல்லை மறந்துவிட்டார். நான் மறக்கவில்லை. இத்தனை காலம் சுவரில் பார்த்ததை நேரில் பார்த்தால் உள்ளே ஏதாவது ஒன்று பற்றிக்கொள்ளும் என்று நினைத்தேன். நின்றுபோன மணிக்கூடு ஒரு தட்டுத் தட்டினால் ஓடுவதில்லையா? மயூரி வேண்டாம் வேண்டாம் என்று சொல்லிச் சொல்லியே டிக்கெட் போட்டுத் தந்தாள்.

வேலை செய்தது. முதலில் சத்தியமாக வேலை செய்தது. டொலேடோவில் பஸ்ஸை ஒரு மேட்டில் நிற்பாட்டினார்கள். கீழே ஆறு ஊரைச் சுற்றி வளைந்து போகிறது. அவர் என் கையைப் பிடித்தார். ஆட்கள் பார்க்க என் கையைப் பிடித்தறியாத மனுஷன். "இஞ்சாரும், படத்தில இருந்த ஆறு உதுதான்" என்றார். நான் முருகனை நினைத்துக் கும்பிட்டேன், ஒரு சேர்ச்சைப் பார்த்துக்கொண்டு.

செவிலில் தெருவெல்லாம் தோடை மரம். ஒரேஞ்சுப் பழம் விழுந்து கிடக்க ஒருவரும் எடுக்கவில்லை. எனக்குப் பொறுக்குமா? ஒன்றை எடுத்து உரித்து வாயில் போட்டேன். வேப்பங்காய்க் கைப்பு. என் முகத்தைப் பார்த்து அவர் விழுந்து விழுந்து சிரித்தார். "உமக்கு எதைக் கண்டாலும் வாயில வைக்கோணும்" என்றார். அவர் என்னைப் பகிடி பண்ணி எத்தனை மாதம்! அன்றைக்கு ஹோட்டலில், டொரொண்டோவுக்குப் போனதும் அந்த ஸ்பெஷலிஸ்டின் முகத்துக்கு நேரே என்ன சொல்லவேண்டும் என்று வசனம்கூட யோசித்து வைத்தேன்.

அடுத்தது கொர்டோபா. அங்கே ஒரு பெரிய பள்ளிவாசல், பிறகு சேர்ச்சாக்கினார்களாம். உள்ளே போனால் தூண், தூண், எங்கே பார்த்தாலும் தூண். மேலே சிவப்பும் வெள்ளையுமாக வளைவுகள். அரை இருட்டு. நான் சப்பாத்து நாடாவைக் கட்டக் குனிந்தேன். நிமிர்ந்தால் ஆளைக் காணவில்லை.

"இஞ்சாருங்கோ!" என்றேன். பிறகு உரக்க, "இஞ்சாருங்கோ!" தூணுக்குத் தூண் ஓடினேன். "மயூரியின்ர அப்பா!" என்றும் கூப்பிட்டுப் பார்த்தேன். வெள்ளைக்காரர் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள், அவர் ஒருவரைத் தவிர. எங்களைக் கூட்டிவந்த வழிகாட்டிப் பெட்டை ஓடிவந்து, உன் புருஷனுக்குப் பெயர் என்ன, பெயரைச் சொல்லிக் கூப்பிடேன் என்றாள். அவளுக்கு எப்படி விளங்கும்? கலியாணம் கட்டிய நாளிலிருந்து அவர் பெயரை நான் என் வாயால் சொன்னதில்லை. கோயிலில் அர்ச்சனைக்குக்கூட மயூரிதான் சொல்லுவாள். இமிக்ரேஷனில் கேட்டபோது பாஸ்போர்ட்டை நீட்டினேன். எங்கள் பக்கத்தில் பெண்சாதி புருஷன் பெயரைச் சொன்னால் அவர் ஆயுள் குறையும் என்பார்கள். அந்த இடத்தில் ஆயுளை யார் பார்த்தது?

"பத்மநாதன்!" என்று கத்தினேன். "பத்மநாதன்!"

நாலைந்து தூண் தள்ளி அவர் திரும்பினார். முகமெல்லாம் சிரிப்பு. என்னிடம் நடந்து வந்தார்.

"ஓம், நான்தான். நீங்கள் தமிழோ? நல்லதாப் போச்சு. இஞ்ச தமிழ் ஆளைக் காணுவன் எண்டு நினைக்கேல்லை."

நீங்கள் என்கிறார். என்னை நீர் என்பவர், கோபம் வந்தால் நீ என்பவர்.

"ஊரில எவடம்?" என்று கேட்டார்.

"அளவெட்டி."

"அட! என்ர மனிசியும் அளவெட்டிதான்."

அவ்வளவு சந்தோஷமாகச் சொன்னார். நான் அந்தத் தூணில் சாய்ந்து அழுதேன். அவர் பதறிப்போய் வழிகாட்டிப் பெட்டையிடம் தனக்குத் தெரிந்த இங்கிலிஷில் இந்த லேடிக்குத் தண்ணி வேண்டும் என்றார். அடுத்த நாள் கிரனாடாவில் அத்தனை அழகான அரண்மனையை அவர் ஆறுதலாகச் சுற்றிப் பார்த்தார், படியில் எனக்குக் கை கொடுத்தார், மரியாதையான மனுஷன். எனக்கு அங்கே பார்த்தது ஒன்றும் நினைவில்லை.

திரும்பி வந்து, பிளாசாக் கடையில் படங்களைக் கழுவுவித்து அல்பத்தில் போட்டேன். போடாமல் இருக்கலாம். ஆனால் ஆட்கள் கேட்பார்கள். ஞாயிறு மத்தியானம் இராஜரட்ணம் அண்ணையும் அவர் மனிசி பேபி அக்காவும் பார்க்க வந்தார்கள். நான் வடை சுட்டேன். இவர் அல்பத்தை மடியில் வைத்து, பக்கம் பக்கமாகத் திருப்பி, ஆறு, சேர்ச், தோடை மரம் என்று அழகாகச் சொன்னார். எனக்கே திரும்ப ஒரு சின்ன ஆசை எட்டிப் பார்த்தது. வெட்கம் கெட்ட ஆசை.

"ஸ்பெயின் நல்ல இடம் போலதான் கிடக்கு" என்றார் இராஜரட்ணம் அண்ணை, மனம் வராமல்.

"திறமான இடம் அண்ணை. ஒரு குறைதான்" என்றார் இவர். "அடுத்த முறை மனிசியையும் கூட்டிக்கொண்டு போகோணும். அவவுக்குச் சொல்லி வைச்சனான். பாவம், விட்டிட்டுப் போட்டன்."

மடியில் திறந்திருந்த பக்கத்தில் அவரும் நானும் நிற்கிறோம். பேபி அக்கா வடையைப் பார்த்தாள். இராஜரட்ணம் அண்ணைக்கு வாழ்க்கையில் முதல்முறையாகக் கருத்து ஒன்றும் இல்லை. தேத்தண்ணி ஆறமுதல் இருவரும் எழும்பினார்கள். வாசலில் பேபி அக்கா என் தோளைத் தொட்டு, "மலர், வேணுமெண்டால் கூப்பிடும்" என்றாள். என்னத்துக்குக் கூப்பிடுகிறது?

கோப்பைகளை எடுத்துக்கொண்டு திரும்பினால் அவர் என் குளிர் ஜக்கெற்றோடு நிற்கிறார்.

"நீங்களும் வெளிக்கிடுங்கோ" என்றார். "மழை தூறுது. வீட்டில தேடுவினம்."

"இது என்ர வீடு."

அவர் முகத்தில் பயம் வந்தது. யாரோ ஒரு பெண் தன் வீட்டுக்குள் நின்றுகொண்டு என் வீடு என்கிறாள் என்கிற பயம். வாதாடாதே என்று மயூரி சொல்லியிருந்தாள். ஒரு நிமிஷம் வெளியே நின்று வந்தால் எல்லாவற்றையும் மறந்துவிடுவார் என்று எண்ணினேன். அவர் ஜக்கெற்றைப் பிடித்தார், நான் கையை நுழைத்தேன். வாசல்வரை வந்து வழியனுப்பினார். பின்னால் கதவு பூட்டுகிற சத்தமும் சங்கிலி போடுகிற சத்தமும் கேட்டது. என் திறப்புக் கொத்து உள்ளே மேசையில்.

கொரிடோரில் நின்றேன். யாரோ வீட்டில் மீன் பொரிக்கிறார்கள். கொஞ்ச நேரம் கழித்துத் தட்டினேன்.

"ஆரது?"

"நான்தான்."

"நான் எண்டால் ஆர்?"

என்ன சொல்ல? "தவமலர்" என்றேன்.

சங்கிலி அசைந்தது, கதவு திறக்கவில்லை.

"தவமலரோ? அவ வீட்டில இல்லை" என்றார், கதவுக்கு அந்தப் பக்கத்திலிருந்து. "நானும் அவவைத்தான் பாத்துக்கொண்டு இருக்கிறன்."