பன்னிரண்டாவது முழம்

புருஷன் கைலாசத்தின் தலைமுடியில் உறைந்திருந்த ரத்தம் மூன்று சொம்பு வெந்நீருக்கும் கரையவில்லை. கமலவேணி விரல்விட்டுத் தேய்த்தாள். பின்மண்டையில் ஓரிடத்தில் விரல் உள்ளே போனது. கையை எடுக்காமல் அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

"ஊஞ்சல் கம்பத்து மேல இருந்து விழுந்துட்டாருன்னு சொல்லிடும்மா," என்றார் தெரு நாட்டாண்மை தணிகாசலம். "போலீஸ்காரரு கடுதாசி வெச்சிக்கினு வாசல்ல உக்காந்துக்கினு இருக்காரு. நீ ஒரு வார்த்தை சொன்னா எடுத்துடலாம். இல்லைன்னா ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயி அறுப்பாங்க."

நடந்ததைப் பார்த்தவள் அவள்.

நகராட்சி அதைப் பூங்கா என்று சொல்லிக்கொண்டது. குப்பைமேடு அது. தெருப் பிள்ளைகளுக்கு அங்கே ஊஞ்சல் போட வேண்டும் என்று ஆரம்பித்தவன் கைலாசம்தான். கையில் காசு யாரிடம் இருந்தது? பன்னிரண்டு வீட்டு நெசவாளிகளும் அவன் தறியில் ஆளுக்கு ஒரு முழமாக ஒரு பட்டுச்சேலை நெய்து விற்பது என்று முடிவாயிற்று. ஊடை நூலை நெருக்கும்போது ஒருத்தன் அடிப்பு இறுக்கம், ஒருத்தன் அடிப்பு தளர்ச்சி. பன்னிரண்டு கை பட்டால் சேலை என்ன ஆகும் என்று தார் சுற்றுகிற சிறுமிக்குக்கூடத் தெரியும். ஆசையில் ஒருவருக்கும் உறைக்கவில்லை. முழத்துக்கு முழம் கரை சுருங்கிக்கொண்டு வந்தது. பட்டுக்கடை முதலாளி சிரித்துவிட்டுத் திருப்பித் தள்ளினார். கடைசியில் கைலாசமே விலையை முதலாளியிடம் தன் கூலியில் கழிக்கச் சொல்லி அதை எடுத்துக்கொண்டான். அந்தக் காசில் ஊஞ்சல் கம்பம் வந்தது, சேலை கமலவேணியின் பெட்டிக்குப் போனது.

பன்னிரண்டாவது முழத்தை நெய்தவன் அவளுடைய அண்ணன் மாணிக்கவாசகம். ஆடியில் அவன் தறியை விட்டுவிட்டு அந்தப் பூங்கா மூலையிலேயே சாராயக்கடை எடுத்தான். ஊஞ்சல் வந்தால் குடிக்கிறவன் எங்கே உட்காருவான்? இன்று விடிந்ததும் கம்பத்தைப் பிடுங்கக் கடப்பாரையோடு வந்தான். கைலாசம் கம்பத்தைக் கட்டிக்கொண்டான். அவனுக்குக் காப்பி கொண்டுபோன கமலவேணி பத்தடி தூரத்தில் நின்றிருந்தாள். தலையில் விழுந்த முதல் அடியைக் கோபம் என்று வைத்துக்கொள்ளலாம். இரண்டாவது அடிக்கு முன்னால் அண்ணன் கடப்பாரையை மாற்றிப் பிடித்தான்.

இப்போது அவனே தட்டோடு உள்ளே வந்தான். தட்டில் பிறந்த வீட்டுக் கோடிச் சேலை. அப்பா போன பிறகு கடன் வாங்கி அவளைக் கட்டிக்கொடுத்தவன். அந்தப் பாவி நிஜமாகவே அழுதான். அது அவளுக்கு இன்னும் ஆத்திரத்தைக் கிளப்பியது.

"வாங்கிக்கம்மா," என்றார் தணிகாசலம். "பொறந்த வீடுன்னு உனக்கு இருக்கிறது இவன் ஒருத்தன்தான்."

தலை குனிந்தால் போதும். அண்ணன் கோடியைப் போர்த்திவிடுவான், எல்லாம் அடங்கிவிடும்.

கமலவேணி எழுந்து பெட்டியைத் திறந்தாள். சுருங்கிய கரையோடு அந்தச் சேலையை அவன் காலடியில் விரித்தாள்.

"உன் முழம் எதுன்னு காட்டுண்ணா."

"இப்ப எதுக்கு வேணி அது?"

"காட்டு."

அவன் குனிந்தான். எந்த நெசவாளிக்கும் தன் கை அடிப்பு தப்பாது. விரல் நேராகக் கடைசி முழத்தில் போய் நின்றது.

கைலாசத்தின் தறிக் கத்தியை எடுத்து அவள் இரண்டு கரைகளையும் அறுத்தாள். பிறகு காலால் மிதித்துக்கொண்டு பட்டை இழுத்துக் கிழித்தாள். பிணம் எடுக்கும்வரை தெருவில் ஒரு தறியும் ஓடாது. கிழிகிற சத்தம் கடைசி வீடுவரை கேட்டது. போலீஸ்காரர் காகிதத்தோடு எழுந்து உள்ளே வந்தார்.

கிழித்த முழத்தை அண்ணனின் தட்டில், கோடியின் மேல் போட்டாள். மிச்சச் சேலையைத் தன் தோளில் தானே போட்டுக்கொண்டாள்.

"கம்பத்துல இருந்து விழுந்ததா எழுதிக்கட்டுமாம்மா?" என்றார் போலீஸ்காரர்.

"மாணிக்கவாசகம்னு எழுதுங்க. கடப்பாரை. ரெண்டு தபா."

"வேணி," என்றான் அண்ணன்.

அவள் திரும்பவில்லை. கைலாசத்தின் தலைமாட்டில் உட்கார்ந்து, தலையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு நாலாவது சொம்பை மொண்டாள்.