கை தூக்கிய தேர்தல்

கல்முனைக் கடலில் சூரியன் தலைகாட்டும்போதே அந்தக் காமென்ட் ஆடைத் தொழிற்சாலையில் முந்நூறு தையல் இயந்திரங்கள் இரையத் தொடங்கிவிட்டன. சட்டைக் கொலர் தைக்கும் நப்லாவுக்கு மூக்கெல்லாம் பஞ்சுத் தூசி. மணிக்கு எண்பது கொலர் என்றிருந்ததை நூற்றுப்பத்தாக்கி, லீவில்லாமல் வருவதற்குத் தரும் வரவுப்படியையும் வெட்டிவிட்டார்கள். ஆனால் இன்று அவளை அரித்தது அதுவல்ல. பக்கத்து இயந்திரத்தில் இருந்த யசோதினியின் முகத்தைப் பார்க்கக் கூசியது.

சட்டை வாங்கும் வெளிநாட்டுக் கம்பனி, தொழிலாளர் தெரிவு செய்த ஊழியர் சபை வேண்டுமென்று கேட்டிருந்தது. யசோதினி துணிந்து தலைவி பதவிக்கு நின்றாள். "என்ட வாக்கு ஒங்களுக்குத்தான் அக்கா" என்று பஸ்ஸில் வைத்து நப்லா சொல்லியிருந்தாள். நேற்றுச் சாப்பாட்டு மண்டபத்தில் மனேஜர் முர்ஷித், தனக்குத் தோதான தையல்காரி சபூறாவின் பெயரைச் சொல்லி, "விருப்பமான ஆக்கள் கையத் தூக்குங்க" என்றார். அவருடைய ஆள் ஒருவன் படம் பிடித்துக்கொண்டிருந்தான். வேலை போய்விடுமென்ற பயத்தில் நப்லாவின் கையும் மேலே போனது. யசோதினிக்கு உயர்ந்தவை மூன்றே மூன்று கைகள். மானங்கெட்டவள் என்று நப்லா தன்னையே ஏசிக்கொண்டாள்.

"அக்கா, என்னோட கோவமா?"

"கோவம் என்னத்துக்கு புள்ள? நாட்டுக்கு ஆளத் தெரிவுசெய்ய மறைப்புக்குள்ள நிண்டு வாக்குச்சீட்டில புள்ளடி போடுறம். இஞ்ச மனேஜர்ர கண்ணுக்கு முன்னால கை தூக்கணுமாம். நீ என்ன செய்வாய்?"

ஏசியிருந்தால்கூட இவ்வளவு சுட்டிருக்காது.

பத்து மணிக்கு முர்ஷித் கம்பனிக்கு அனுப்ப ஒரு தாளோடு வந்தார். 'சுதந்திரமாக வாக்களித்தோம்' என்று எல்லாரும் ஒப்பமிட வேண்டுமாம். நப்லா இயந்திரத்தை நிறுத்திவிட்டு எழுந்தாள்.

"நான் ஒப்பம் வைக்க மாட்டன் சேர். நேத்து பயத்துலதான் தூக்கினன். புள்ளடி போட்டுத் திரும்ப எலக்சன் வைங்க."

"இப்பிடிக் கதைச்சா சட்டை ஓடர் வேற நாட்டுக்குப் போயிரும். வெளிநாட்டுக் கம்பனிக்காரன அரசாங்கமே ஒண்டும் கேக்க ஏலாம நிக்கிது. நீ கேக்கப் போறியா?"

"அரசாங்கத்துக்கு ஏலாட்டி நாங்க கேக்கிறம் சேர்."

யசோதினியின் இயந்திரம் நின்றது. பின்வரிசையில் இன்னொன்று, பிறகு பத்து, பிறகு முழு வரிசையும். நாளைக்கு வேலை இருக்குமா என்று ஒருத்திக்கும் தெரியாது.

"சபூறா! நீதானே தலைவி, இவங்களுக்குச் சொல்லு" என்று முர்ஷித் கத்தினார்.

சபூறா தலை குனிந்தபடியே எழுந்து வந்தாள்.

"எனக்கு வெக்கமாக் கிடக்கு சேர். என்னத் தெரிவுசெஞ்சது இவங்க இல்ல, நீங்க."

நப்லா நகர்ந்து அவளுக்குப் பக்கத்தில் இடம் விட்டாள்.