யாரை நினைத்தீர்கள்?

ருவாண்டாவிலிருந்து வந்த வெனான்சி கேட்பாள். நோயாளர்கள் கின்யருவாண்டா மொழியில் பதில் சொல்வார்கள். அவள் அதை நோர்வேஜிய மொழியில் திருப்பிச் சொல்ல, உடன் வேலைபார்க்கும் தமிழ்ப் பெண் சிவநாயகி தட்டச்சு செய்வாள். நீரிழிவு ஒருவரின் மனதை எவ்வளவு வருத்துகிறது என்று அறியும் கேள்விப் படிவத்தை அந்த மொழிக்காரருக்குப் பொருந்த மாற்றும் வேலை. ஒவ்வொரு பதிலுக்குப் பின்னும், "இதைச் சொல்லும்போது யாரை நினைத்தீர்கள், எதை நினைத்தீர்கள்?" என்று கேட்க வேண்டும். என்ன சொன்னாலும் மறுத்துப் பேசக் கூடாது. எழுதிக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான்.

அந்த வியாழக்கிழமை வந்த பெரியவர், 'நான் படும் கஷ்டம் என் குடும்பத்துக்குப் புரியவில்லை' என்ற வரிக்கு, 'பிரச்சினையே இல்லை' என்ற இடத்தில் புள்ளடி போட்டார். யாரை நினைத்தீர்கள் என்றபோது நான்கு பெயர்கள் சொன்னார். மனைவி, இரண்டு மகள்கள், தம்பி.

அவர் போன பிறகு வெனான்சி சொன்னாள்: "நால்வரும் தொண்ணூற்று நான்கு இனப்படுகொலையில் கொல்லப்பட்டவர்கள். இருந்திருந்தால் புரிந்துகொண்டிருப்பார்களாம். இந்த வரியை மாற்ற வேண்டும். 'இப்போது உங்களோடு வசிப்பவர்கள்' என்று போட்டுப் பார்ப்போம்."

வெஸ்ட்லியில் சிவநாயகியின் வீட்டில் அவள் கணவன் அருளானந்தன் உடுப்புகளைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தான். சனிக்கிழமை, நகரின் இன்னொரு பகுதியான ட்வெய்ட்டாவில் வாடகைக்கு எடுத்த அறைக்குத் தனியாகப் போகிறான். மணமுடித்துப் பதினொரு வருஷம். காரணம் கேட்டால், "களைச்சுப்போனன்" என்பான். அவனை நிறுத்த என்ன சொல்லலாம் என்று ஒரு மாதமாகத் தேடிக்கொண்டிருந்தவளுக்கு, அன்று கேட்டுப் பார்க்கலாம் என்று தோன்றியது.

"என்னப்பா, ஒரு கேள்வி கேட்கட்டோ? கந்தோர்க் கேள்வி, வேலையிலை கேக்கிறது."

"நான் ருவாண்டாக்காரன் இல்லையே."

"சீனி வருத்தக்காரர்தானே."

அவன் சிரித்தான். கன நாளைக்குப் பிறகு. "சரி, கேளும்."

குடும்பத்துக்குப் புரியவில்லை என்ற அந்தப் பழைய வரியைத் தமிழில் சொன்னாள்.

"பெரிய பிரச்சினை," என்றான், யோசிக்காமலே.

"ஆரை நினைச்சனீங்கள்?"

"வேறை ஆர் இருக்கினம்? உம்மைத்தான்." கையிலிருந்த சட்டையை மடித்தபடியே பேசினான். "சோத்தை அளந்து போடுறீர். வேலையிடத்துக்குப் போன் அடிச்சு சீனி எவ்வளவெண்டு கேக்கிறீர். பிறந்தநாள் வீட்டிலை எல்லாற்றை முன்னாலையும் கேசரித் தட்டைப் பறிச்சீர். ஏழு வருஷமா நான் வீட்டுக்கை வந்தா நீர் முதல் பாக்கிறது என்ரை முகத்தை இல்லை, ஊசி குத்தின விரலை. பயமா இருக்கோ எண்டு ஒருநாள் கேட்டனீரோ?"

இதே நோயில் தன் அப்பாவின் காலை வெட்டியது அவள் வாய்வரை வந்தது. மறுத்துப் பேசக் கூடாது. விழுங்கினாள்.

"பயமா இருக்கோ?"

அவன் நிமிர்ந்து பார்த்தான். "இருந்தது, நாயகி. தனியப் பயப்பிடப் பழகிட்டன்."

சனிக்கிழமை காலை, சோறு அளக்கும் கோப்பையை அவன் பெட்டிக்குள் வைத்தாள். மூடுமுன் வெளியே எடுத்துவிட்டாள். ரயில் நிலையம் வரை ஒரு பையைத் தூக்கிக்கொண்டு கூடவே நடந்தாள். "குளிர், திரும்பிப் போம்," என்றான். ரயில் போகும் வரை நின்றாள்.

திங்கட்கிழமை வெனான்சி திருத்திய தாளோடு வந்தாள். "வேலைக்கு ஆகுமா என்று முதலில் உன்னிடம் கேட்கிறேன். 'இப்போது உங்களோடு வசிப்பவர்கள்' என்றதும் யாரை நினைத்தாய்?"

"அருளானந்தனை."

சனிக்கிழமை நடந்தது வெனான்சிக்குத் தெரியும். மறுக்காமல் பேனாவை எடுத்து, அந்தப் பெயரை எழுதிக்கொண்டாள்.