இடப்பக்கத்து முன் டயர்

1

கீழ் மாகாணத்து வாசகப் பெருமக்கள் அனைவருக்கும் இதனால் அறியத் தருவதாவது: ஆயிரத்துத் தொளாயிரத்து முப்பத்தெட்டாம் ஆண்டில், மட்டக்களப்பு வாவிக்கரையில் நிகழ்ந்து, மனித குலத்தின் போக்கையே மாற்றியமைத்த மாபெரும் மோட்டார் ஓட்டப் போட்டியின் மெய்யான வரலாறு இங்கே முதன்முறையாக வெளியிடப்படுகிறது. எழுந்து நிற்க விரும்புவோர் நிற்கலாம்.

சரி, உட்காருங்கள். அப்படியொரு போட்டி நடந்ததற்கு ஆதாரம் எதுவும் கிடையாது. கதை பிறந்தது என் கூட்டாளி அழகரத்தினத்தின் டயர் கடையில். என் சைக்கிளுக்கு ஒட்டுப் போடக் காத்திருந்தேன். வந்து நின்ற பஸ்ஸின் டயரில் அவன் புறங்கையை வைத்து, "இதுக்குக் காய்ச்சல், மச்சான்," என்றான். உள்ளங்கை வேலை செய்து காய்த்தது, அது பொய் சொல்லும். புறங்கைதான் உண்மை பேசும் என்பது அவன் கட்சி.

அந்தக் கையை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். கைக்குப் பின்னால் ஓர் ஆள் தேவைப்பட்டது.

2

முதல் தொடக்கம்: 'கச்சான் காற்று வாவியின் முகத்தை மெல்ல வருடிய அந்தப் பொன்மாலைப் பொழுதில்...' (வேண்டாம். கச்சான் வருடாது, அறையும்.)

இரண்டாம் தொடக்கம்: 'மர்சூக் ஒரு மேதை. அவனுடைய...' (இதுவும் வேண்டாம். மேதை என்றால் சிலை வைப்பார்கள். சிலைக்குத் திறப்பு விழா வைப்பார்கள். விழாவில் வரவேற்புரை என்று ஒன்று இருக்கும்.)

மூன்றாவது: சகனில் ஆள் குறைந்தால் மட்டும் மர்சூக்கைக் கூப்பிடுவார்கள்.

இது நிற்கும். ஏறாவூரில் கலியாண விருந்தென்றால் ஒரு சகனைச் சுற்றி ஆறுபேர் அமர்ந்து அந்த ஒரே தட்டில் உண்பார்கள். எங்காவது ஐந்துபேரோடு ஒரு சகன் நின்றுபோனால் யாரோ ஒருவர் வாசல் பக்கம் பார்த்து, "மர்சூக்கு, வா மனெ, ஒராள் குறையிது," என்பார். மர்சூக் போய் உட்காருவான். அவனுக்கு நாற்பது தாண்டியிருந்தது. மலேரியா வருஷத்தில் மனைவி கைறுன்னிஸா போனபிறகு, அவன் இன்னொருவர் தோளுக்குப் பக்கத்தில் தன் தோள் பட உட்கார்ந்தது அப்படிப்பட்ட நாட்களில்தான். மற்ற நாளெல்லாம் பஸ் கராஜில், சக்கரங்களுக்குப் பக்கத்தில்.

3

இனிப் பெரிய மனிதர். தன்னாமுனையில் ஏகப்பட்ட வயலும் அதற்குக் குறையாத மீசையும் உடைய நல்லரத்தினம் போடியார், கொழும்பிலிருந்து பந்தயக் கார் ஒன்றை இறக்குவித்தார். மலைநாட்டுத் தோட்டத் துரை ஒருவர் தம் காரோடு வந்து மோதுவதாக ஏற்பாடு. அறுவடை முடிந்து காய்ந்து கிடந்த போடியாரின் வயல்வட்டையில் வரம்புகளை வெட்டி, வயலைச் சுற்றி ஓடுபாதை போட்டார்கள்.

எந்தப் பக்கமாகச் சுற்றுவது? இடமாக என்றார் துரை. போடியார் குதித்தார்.

"பிள்ளையார இடமாச் சுத்துற மனிசன எங்கயாச்சும் கண்டிருக்கிங்களா? என்ட வட்டைக்குள்ள வலமாத்தான் ஓட வேணும்!"

வலமாகவே முடிவாயிற்று.

(அடிக்குறிப்பு, அடியில் வைத்தால் யாரும் படிப்பதில்லை என்பதால் இங்கேயே: வலமாகச் சுற்றும் கார் எந்நேரமும் வலப்பக்கம் திரும்பும், பாரமெல்லாம் இடப்பக்கத்து டயர்களில் சாயும். முன் டயரின் வெளி ஓரம் வெந்துபோகும். அழகரத்தினம் சொன்னது. பிள்ளையார் இதற்குப் பொறுப்பல்ல.)

டயர் பார்க்க மர்சூக்கை அழைத்தார்கள். கார் வந்து நிற்கும்போதெல்லாம் ஒவ்வொரு டயரிலும் உள் ஓரம், நடு, வெளி ஓரம் என்று புறங்கையை வைப்பான். பிறகு கேஜைச் சொருகிக் காற்றை அளப்பான். நடு மட்டும் சுட்டால் காற்று கூட. இரண்டு ஓரமும் சுட்டால் காற்று குறைவு. ஓர் ஓரம் மட்டும் சுட்டால் பாரம் கோணலாக விழுகிறது.

வேலைக்கு ஒப்புக்கொள்ளுமுன் அவன் கேட்டது ஒன்றுதான்.

"ஓட்டம் நடக்கிற அண்டைக்கு ஒங்களுக்குப் பக்கத்து சீட்டில நான் இரிக்கட்டா, போடியார்?"

"ஏன்டாப்பா? உனக்குப் பயமில்லையா?"

"பயந்தான். எண்டாலும் பக்கத்தில ஒராள் இரிக்கக்குள்ள வேகம் எப்புடியெண்டு பாக்க ஆசை."

போடியார் சிரித்து, "இரி, இரி," என்றார். அவருக்கு அது ஒரு சொல். அவனுக்கு ஒரு கலியாணச் சகன்.

ஆனால் ஒத்திகை ஓட்டங்களில் அவன் கீழே நின்று டயர் பார்க்க வேண்டுமே. அதனால் அவன் பாரத்துக்கு ஒரு நெல்மூட்டையைக் கட்டி, காரை ஓட்டும் போடியாருக்கு இடப்பக்கத்து இருக்கையில் ஏற்றினார்கள். கார் சுற்றும்போது புழுதிக்குள் இரண்டு உருவம் தெரியும்: மீசையும் மூட்டையும். மர்சூக் அந்த மூட்டையைப் பார்த்து நிற்பான்.

4

(இந்த இடத்தில் ஒரு சந்தேகம். நாற்பது வயது மனிதன் நெல்மூட்டைமேல் பொறாமைப்படுவானா? சங்கத் தலைவரின் பக்கத்து நாற்காலிக்கு நடக்கும் அடிபிடியைப் பார்த்திருக்கிறேன். படுவான்.)

ஒருநாள் பட்டி மாடுகள் புகுந்து மூட்டையைக் கிழித்து நெல்லைத் தின்றுவிட்டன. அன்று கார் வெறும் இருக்கையோடு ஓடியது. மர்சூக் இடப்பக்கத்து முன் டயரில் கை வைத்தான். இளஞ்சூடு. கேஜும் அடக்கமாக நின்றது.

அடுத்த நாள் புதிய மூட்டை ஏறியது. அதே டயர், வெளி ஓரத்தில் கை வைத்தவன் சட்டென்று இழுத்துக்கொண்டான். கேஜில் காற்றழுத்தம் ஆறேழு இறாத்தல் ஏறியிருந்தது.

"எப்புடி மர்சூக், சூடு?"

"கொஞ்சம் கூட, போடியார்."

"கூடவெண்டாக் காத்த இறக்கன்!"

"இப்ப இறக்கினா, ஆறினதும் டயர் தொய்ஞ்சிரும். தொய்ஞ்சது இன்னும் சுடும்."

"அப்ப என்ன செய்யிற? விசிறி புடிக்கிறயா?"

சுற்றி நின்றவர்கள் போடியாரின் பகிடிக்குச் சிரித்து முடிக்கச் சற்று நேரமாயிற்று. அதற்குள் மர்சூக்குக்கு விளங்கிவிட்டது. செய்ய வேண்டியது ஒன்றுதான்: இடப்பக்கத்து இருக்கையில் மூட்டையும் இருக்கக் கூடாது, ஆளும் இருக்கக் கூடாது. துரை சொன்னபடி இடமாகச் சுற்றியிருந்தால் அவன் பாரம் காருக்கு உதவியாகவே இருந்திருக்கும்.

"பாப்பம்," என்றான்.

5

ஓட்டத்துக்கு முதல் நாள் பின்னேரம். கடைசி ஒத்திகை. கார் வந்து நின்றது. மீன்பிடித் தோணிகள் வாவிக்குள் இறங்கிக்கொண்டிருந்தன. மர்சூக் குந்தி, புறங்கையை அந்த டயரில் வைத்தான். இழுக்கவில்லை. சுடச்சுட வைத்திருந்தான்.

"எப்புடி மர்சூக்? நாளைக்கு நாம ரெண்டுபேரும் வெண்டிருவமா?"

நாம ரெண்டுபேரும். கைறுன்னிஸாவுக்குப் பிறகு அவனிடம் யாரும் சொல்லாத சொல்.

முடிவு அ: 'ஒண்டுமில்ல போடியார், கை வைக்கலாம்,' என்கிறான். மறுநாள் பக்கத்தில் ஏறி உட்காருகிறான். சில சுற்று, தோளோடு தோள். பிறகு டயர் வெடித்து... (வெடித்தபின் என்ன எழுதுவது? ஆசைப்பட்டதற்காக ஒருவனைக் கொல்வது பிரசங்கிகளின் தொழில்.)

முடிவு ஆ: உண்மையைச் சொல்கிறான். இருக்கை வெறுமையாகப் போகிறது. போடியார் வெல்கிறார், மாலை விழுகிறது, உரைகள் நடக்கின்றன. மர்சூக் ஆறிக்கொண்டிருக்கும் டயரின் பக்கத்தில் குந்தி... (நீதி பிழைத்தது. அவன்?)

முடிவு இ: போடியாரே இரங்கி, 'வா, இடமாவே ஓடுவம்,' என்று... (போடியார்களை எனக்குத் தெரியும்.)

மூன்றையும் கிழித்துப் போட்டேன். மர்சூக் இன்னும் குந்தியிருக்கிறான். போடியார் குனிந்து பார்க்கிறார். நான் விலகிக்கொள்கிறேன், நீங்கள் வாருங்கள். புறங்கையை வையுங்கள், உள்ளங்கை வேண்டாம். சுடுகிறதல்லவா? நாளைக்கு உங்களுக்குப் பக்கத்தில் ஓர் ஆள் இருப்பார், ஒரே ஒரு நாள். போடியாருக்கு என்ன பதில் சொல்லப்போகிறீர்கள்?

6

அழகரத்தினம் கதையை வாசித்து முடித்தான். அந்த வகைப் பந்தயக் காரில் ஒரே ஓர் இருக்கைதானாம்.